கல்வெட்டில் வெட்டிய சொல்

என் ஆசைச் சின்னண்ணைக்கு,

ஊரில் சண்டை முடிந்துவிட்டது. நீங்கள் கண்ணை மூடி ஒரு கிழமையில் செய்தி வந்தது. எப்படி முடிந்தது என்று கேட்காதீர்கள். கேட்காமல் போனதே நல்லது.

இன்று உங்கள் முப்பத்தோராம் நாள், அந்தியேட்டி. உங்கள் நினைவாக அச்சடித்து வருகிறவர்களுக்குக் கொடுக்கும் கல்வெட்டுப் புத்தகங்களை, டெனிஷ் ஊரான பிராண்டேயிலிருந்து ஸ்கீவ ஊர் மண்டபத்துக்கு நான்தான் காரில் கொண்டுபோகிறேன். ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்து நீங்கள் எழுதிய டேர்பன் துறைமுகக் கட்டுரையும் அதில் இருக்கிறது. இருக்கிறது என்று சொல்லவே வாய் கூசுகிறது. அக்காவின் புருஷன், நம் அத்தான், அதைத் திருத்திவிட்டார்.

நீங்கள் என்ன எழுதினீர்கள்? கப்பலில் எஞ்சினுக்கு எண்ணெய் போடுகிறவராக அந்தத் துறைமுகத்துக்குப் போனதை. அந்த நாளில் வெள்ளைக்காரர் அதன் வாசலை அடைத்துக் கிடந்த மணல் திட்டைத் தோண்டித் தோண்டிப் பெரிய கப்பல்களை உள்ளே விட்டதை. சீனி ஏற்றி அந்த ஊர் கொழுத்ததை. அந்தச் சீனிக்குக் கரும்பு வெட்டியது மதராசிலிருந்து ஏற்றிப்போன தமிழ்க் கூலிகள், ஆளுக்கொரு இலக்கம் போட்டிருந்தார்கள் என்பதை.

அச்சில் நீங்கள் கப்டன்! கூலிகள் எல்லாரும் ‘கடல்கடந்து வாணிபம் செய்து டேர்பனை ஆண்ட தமிழ் வணிகர்’. மணல் திட்டையும் காணோம், அத்தானே அள்ளிவிட்டார் போலும்.

டெலிபோன் எடுத்துக் கேட்டேன்.

“சனம் நொந்துபோய்க் கிடக்குது பிள்ளை. இப்ப போய்க் கூலி எண்டு போட்டால் எங்கட மானம் என்னாகிறது?”

“ஓம் அத்தான். நீங்கள் இறைச்சித் தொழிற்சாலையில முதலாளியோ?”

“வாயைப் பொத்து!” என்று வைத்துவிட்டார்.

இங்கத்தைத் தமிழ்ச் சங்கத் தலைவராம், தூ! கழுத்தில் இலக்க அட்டை தொங்கப் பன்றி வெட்டப் போகிறவருக்கு, கரும்பு வெட்டினவர்கள் இளக்காரம். அழிந்துபோன நம் சனத்தையும் இனி இப்படித்தான் சோடித்து எழுதுவாரோ?

மகளுக்கு நீங்கள் எழுதினதையும் அச்சில் வந்ததையும் வாசித்துக் காட்டினேன். அச்சைத் தொட்டு “லொய்ன்” என்றாள். டெனிஷில் பொய்க்கு அதுதான் சொல்.

இப்போது பாதையோரம் காரை நிறுத்தியிருக்கிறேன். மடியில் புத்தகங்கள், கையில் பேனை. வணிகரை வெட்டிக் கூலிகள் என்று எழுதுகிறேன். கப்டனையும் விடவில்லை, குறை நினைக்காதீர்கள். மண்டபத்தில் அத்தான் குதிப்பார். குதிக்கட்டும். திருத்தாத ஒரு புத்தகமும் இந்தக் காரை விட்டு இறங்காது, அண்ணை.

தொழிற்சாலையில் காற்றாலை இறக்கைகளைக் கூலிக்குத் தேய்க்கும்,
உங்கள் தங்கச்சி