மூச்சில்லாப் பெட்டியில் விரால் கலங்கள்

ஓகஸ்ட் 12, செவ்வாய்
கச்சான் காத்து. பத்து மணிக்கே அனல். விரால்ட உயிர்க்கலங்களை முப்பதாவது தடவை புதுக் குடுவைக்கு மாத்தினன். நல்லா ஒட்டி வளருது. முந்தி நாலு முறை பூஞ்சணம் பிடிச்சு, எல்லாத்தையும் கொட்டினது.

ராத்தாட மாப்பிள, என்ட மச்சான், பிடிச்ச மீன். நாவிதன்வெளியில வத்தின வாய்க்கால், சேத்துக்குள்ள கிடந்தது. "ரெண்டு கிழமையா தண்ணி இல்ல மச்சி, தோண்டினா துடிக்குது." வால் செட்டையில ஒரு துண்டு போதும் எண்டதுக்கு சிரிச்சார். மிச்சத்தை ராத்தா சோத்துக்கு ஆணம் காச்சினா.

மூச்சு முட்டுற இடத்தில அந்தக் கலம் எப்பிடித் தாங்குது? அதுதான் என்ட ஆராய்ச்சி. ஆராய்ச்சிய மேற்பார்க்கிற மெடம் இண்டைக்கு: "இந்த முறையும் ஒண்டும் வராட்டி தலைப்ப மாத்துங்க." ரெண்டு வருஷ வேலை.

ஓகஸ்ட் 13, புதன்
விரால் ஆறு தட்டு. ஒப்பிட்டுப் பாக்க, ஒலுவில் துறைமுகத்தில வாங்கின பாரை மீன்ட கலம் ஆறு தட்டு. எல்லாம் ஒரே பெட்டிக்குள்ள. ஒட்சிசன வெளியேத்தி நைதரசன் நிரப்பினது. மூண்டு நாள்.
வாங்க வேண்டியது: கையுறை, பேனை, உம்மாட மருந்து.

ஓகஸ்ட் 14, வியாழன்
பெட்டிக் கண்ணாடியால பாத்தன். பாரைட ஊட்ட நீர் சிவப்பு மாறி மஞ்சள். அமிலம் கக்குது, தவிக்குது. விரால் தட்டு வெச்ச மாதிரியே சிவப்பு. ஒரு அசுமாத்தமும் இல்ல.
மெடம்: "விரால் செத்திருக்கும்."
பெட்டியத் திறக்காம வீட்ட வந்திட்டன்.

ஓகஸ்ட் 15, வெள்ளி
ஜும்ஆ. லேப் பூட்டு.
உம்மா: "என்னகா முகம்?"
"விரால் செத்திட்டோ தெரியா."
"விராலா? அது லேசில சாகாது."

ஓகஸ்ட் 16, சனி
பெட்டி திறந்தாச்சு. ரெண்டு மீன்லயும் மூண்டு மூண்டு தட்டுக்கு நீலச் சாயம். செத்த கலத்துக்குள்ள மட்டும்தான் அது ஏறும். மிச்சத் தட்டெல்லாம் திரும்ப நல்ல காத்துக்கு.
எது எந்த மீன் எண்டு சொல்லாம கூட்டாளி றிஸ்னாட்ட எண்ணக் குடுத்தன்.
"இந்த மூண்டும் முழு நீலம். மற்ற மூண்டில நீலத்தைத் தேட வேண்டிக் கிடக்கு."
மற்ற மூண்டும் விரால். சாகல்ல. பசியைக் குறைச்சு, வேலையைக் குறைச்சு, சும்மா கிடந்திரிக்கி. அல்ஹம்துலில்லாஹ். கை கழுவுற தொட்டியப் பிடிச்சுக்கொண்டு அழுதன்.
மெடத்துக்கு ஃபோன்ல சொன்னன். அவ, "இன்னும் ரெண்டு தரம் செய்யுங்க. இப்பிடியே வந்தா கட்டுரை எழுதுவம்."

ஓகஸ்ட் 18, திங்கள்
காத்துக்கு வெச்ச பாரையில ஒண்டும் மிஞ்சல்ல. விரால் தட்டில ஒரு கலம் நடுவில இறுகி, என்ட கண்ணுக்கு முன்னால ரெண்டாப் பிரிஞ்சது. பக்கத்தில இன்னொண்டு.
றிஸ்னா போய் எல்லாருக்கும் சொல்லிட்டா. நுணுக்குக்காட்டிக்கு முன்னால வரிசை. மெடம் நாலாவது ஆள்.