யார் சொல்லி ஊசி போட்டீங்க?

ஜூன் 8, திங்கள் (1987)

காலையிலிருந்தே புழுக்கம். பெருங்களத்தூரில் குழாய்த் தண்ணீர் இல்லை. லாரிக்குக் குடத்தோடு நின்றதில் தாம்பரம் பஸ்ஸை விட்டேன். நர்சிங் ஹோமில் மதிய ட்யூட்டி. வாங்க வேண்டியது: ஷூ பாலிஷ், என் வீட்டுக்காரர் டேனியலுக்குத் தைலம், புளி.

எதுவும் வாங்கவில்லை. நடந்ததை வரிசையாக எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் தூக்கம் வராது.

செல்வி. சின்னப் பெண், ஆட்டோ ஓட்டுகிற மணியின் மனைவி. முதல் பிரசவம். ட்யூட்டி டாக்டர் சுந்தர்தான் பார்த்தார். பெண் குழந்தை, நல்ல அழுகை. கையைக் கழுவிக்கொண்டே, "சிஸ்டர், கிளினிக் போயிட்டு வந்துடறேன், பாத்துக்குங்க" என்று குரோம்பேட்டைக்குக் கிளம்பினார். அவருடைய சொந்த கிளினிக். தினமும் சாயங்காலம் போவதுதான். பெரிய டாக்டருக்கும் (நர்சிங் ஹோம் அவருடையது) தெரியும். தெரியாத மாதிரி இருப்பார்.

கொஞ்ச நேரத்தில் கஸ்தூரி ஓடி வந்தாள். என்னோடு ட்யூட்டி பார்க்கிற சின்ன நர்ஸ்.

"அக்கா, துணியெல்லாம் நனஞ்சுபோச்சு. நிக்கவே மாட்டேங்குது."

போய்ப் பார்த்தால் கட்டில் விளிம்பிலிருந்து ரத்தம் சொட்டுகிறது. செல்வியின் உதடு வெளுத்துவிட்டது. "கண்ணு இருட்டுது சிஸ்டர்." வயிற்றை அழுத்திப் பிசைந்தேன். சலைன் ஏற்றினேன். க. போனைச் சுற்றிக்கொண்டே இருந்தாள். கிளினிக் என்கேஜ்டு. திரும்பவும் என்கேஜ்டு. பெரிய டாக்டர் வீட்டில் மணி அடிக்கிறது, எடுப்பார் இல்லை.

மெத்தர்ஜின் போட்டேன். கர்ப்பப்பையைச் சுருக்கி ரத்தத்தை நிறுத்துகிற ஊசி. டாக்டர் சொல்லி எத்தனையோ பேருக்கு இந்தக் கையால் போட்டிருக்கிறேன். இன்று சொல்ல ஆள் இல்லை.

நின்றது. மெல்ல மெல்ல நின்றது. க. சுவரில் சாய்ந்து அழுதாள்.

டா. சுந்தர் திரும்பி வந்ததும் சொன்னேன். "குட், குட்" என்றார். அவ்வளவுதான்.

ஜூன் 9, செவ்வாய்

ட்யூட்டிக்குள் நுழையும்போதே ஆயா: "சிஸ்டர், அந்தப் பொண்ணுக்கு வலிப்பு வந்துட்ச்சு. பல்லு கிட்டிக்கினு..."

காலையில் தலைவலி என்றிருக்கிறாள். பிபி எக்கச்சக்கம். பிறகு வலிப்பு. பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஆம்புலன்ஸில் அனுப்பிவிட்டார்கள். இன்னும் நினைவு வரவில்லையாம்.

டா. சுந்தர் வராந்தாவில், செல்வியின் சொந்தக்காரர்கள் நிற்கும்போதே, உரக்க: "யார் சொல்லி ஊசி போட்டீங்க?"

நேற்று "குட்" சொன்ன அதே வாய்.

"பிபி பாத்தீங்களா?"

சேர்க்கும்போது பார்த்தேன், சரியாக இருந்தது. ஊசிக்கு முன் மறுபடி பார்க்கவில்லை. ரத்தம் போகிறவளுக்கு பிபி இறங்கும், ஏறாது என்றுதான் மனதில் ஓடியது. பார்க்கத் தோன்றவே இல்லை. பிபி அதிகம் உள்ளவர்களுக்கு இந்த ஊசி ஆகாது. எனக்குத் தெரியும். தெரிந்தும்.

மேட்ரன் கூப்பிட்டு எனக்கும் க.வுக்கும் மெமோ. திங்கட்கிழமை விசாரணை. அதுவரை வேலை பார்க்கலாம்.



ஜூன் 10, புதன்

போர்டில் சர்க்குலர்: டாக்டர் எழுதாமல் நர்ஸ்கள் எந்த மருந்தும் தரக் கூடாது. மீறினால் வேலை போகும்.

சரி என்று எல்லாரும் அதையே பிடித்துக்கொண்டார்கள். காய்ச்சலா? டாக்டரைக் கூப்பிடு. வாந்தியா? டாக்டரைக் கூப்பிடு. தலைவலி மாத்திரைக்குக்கூட. டா. சுந்தர் மாடிக்கும் கீழுக்குமாக ஓடினார். கிளினிக்குக்குக் கிளம்பியவரை வாசல் கேட்டுக்கே போய்த் திருப்பிக் கூட்டிவந்தார்கள். க.வுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

எனக்கு வரவில்லை. குடலிறக்க ஆபரேஷன் பெரியவர் வலியில் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "தாயே, ஏதாவது குடு" என்றார். ஊசி என் பின்னால் அலமாரியில். டாக்டர் வரும் வரை அவர் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வேறு என்ன செய்ய.

ஜூன் 11, வியாழன்

ஆஃப். துணி துவைத்தேன். தைலம் வாங்கியாயிற்று.

மத்தியானம் வாசலில் ஆட்டோ. மணி. தாடி வளர்ந்து, அதே காக்கிச் சட்டை. டேனியல் ரயில்வே வேலைக்குப் போய்விட்டார், வீட்டில் நான் மட்டும். உள்ளே கூப்பிட்டேன். வரவில்லை.

"நீ போட்ட ஊசியாலதான் வலிப்பு வந்ச்சுன்றாரு டாக்டரு. நெசமா?"

"தெரியல. இருக்கலாம்."

அவன் இதை எதிர்பார்க்கவில்லை. சண்டை போட வந்தவன் முகம்.

"இன்னா சிஸ்டர், இருக்கலாம்னு சாதாரணமா சொல்ற?"

"சாதாரணமா சொல்லலப்பா. பிபி பாக்காம போட்டுட்டேன். அதனாலயா, இல்ல அதுவா வந்துச்சான்னு எனக்குத் தெரியல."

"போடாங்காட்டி?"

"ரத்தம் நின்னிருக்காது."

சட்டை நுனியால் முகத்தைத் துடைத்தான். பிறகு: "அப்போ டாக்டர் எங்க இருந்தாரு?"

"அங்க இல்ல. குரோம்பேட்டைக்குப் போயிட்டாரு."

"மாடில இருந்தேன்றாரே!"

ஆட்டோவை எடுத்துக்கொண்டு போய்விட்டான். கொடுத்த தண்ணீர் சொம்பு அப்படியே திண்ணையில்.

ஜூன் 12, வெள்ளி

டா. சுந்தர் டிரெஸ்ஸிங் ரூமுக்கு எங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டார். கதவைச் சாத்தினார். குரல் இறங்கியிருந்தது.

"சிஸ்டர், அன்னைக்கு டென்ஷன்ல கத்திட்டேன். மறந்துடுங்க. நான் மாடில இருந்தேன், ஊசி போடச் சொல்லி வாயால சொன்னேன், எழுத மறந்துட்டேன். இதையே நாம மூணு பேரும் சொல்லுவோம். ரத்தம் போனா மெத்தர்ஜின் குடுத்ததை யாரும் தப்புன்னு சொல்ல முடியாது. டாக்டர் இல்லன்னாதான் தப்பு. அந்த ஆட்டோக்காரன் போலீஸ், பேப்பர்னு சுத்தறான். எனக்கும் ரெண்டு குழந்தைங்க இருக்கு."

கெட்டவர் இல்லை. அதுதான் கஷ்டம். போன வருடம் என் மஞ்சள்காமாலைக்கு வீடு தேடி வந்து பார்த்தவர்.

வெளியே வந்ததும் க.: "ஒத்துக்கலாம்க்கா. ஆவணியில எனக்குக் கல்யாணம். வேலை போச்சுன்னா மாப்பிள்ளை வீட்டுல என்ன சொல்லுவாங்க?"

நியாயம்தான்.

ஜூன் 14, ஞாயிறு

சர்ச்சில் பிரசங்கம் ஒரு வார்த்தைகூடக் காதில் ஏறவில்லை. அப்படியே ரயிலேறி பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனேன். சீருடையில்லாமல் ஆஸ்பத்திரிக்குள் நடக்க எப்படியோ இருந்தது.

செல்வி கண் திறக்கவில்லை. மூக்கில் குழாய். அவள் அம்மா என்னை அடையாளம் கண்டுகொண்டாள். திட்டுவாள் என்று நினைத்தேன். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். அதற்குத் திட்டியிருக்கலாம்.

டேனியலிடம் டாக்டர் சொன்னதைச் சொன்னேன். "உன் தலை தப்புதுன்னா சரின்னு சொல்லேன், ரோஸி." சற்றுப் பொறுத்து, "ஆனா நீ சொல்ல மாட்ட." கோபமா, பெருமையா, கண்டுபிடிக்க முடியவில்லை.

ஜூன் 15, திங்கள்

விசாரணை. பெரிய டாக்டர் அறை. அவர், மேட்ரன், கறுப்புக் கோட்டில் ஒரு வக்கீல். டா. சுந்தர் முன்னாலேயே சொல்லிவிட்டு ஓரமாக உட்கார்ந்திருந்தார். ஃபேன் சத்தம் மட்டும்.

பெ.டா: "டாக்டர் சொல்லித்தானே ஊசி போட்டீங்க?"

"ஆமாம் சார்" என்று சொன்னால் எழுந்து வார்டுக்குப் போய்விடலாம். அந்த நொடியில் உண்மையாகவே அதைச் சொல்லத்தான் வாயெடுத்தேன். செல்வியின் அம்மா திரும்பிக்கொண்டது கண்ணில் வந்தது.

"இல்ல சார். யாரும் சொல்லல. நானாதான் போட்டேன். டாக்டர் அப்ப இங்க இல்ல. பிபி பாக்காம போட்டது என் தப்பு."

டா. சுந்தர் ஜன்னலைப் பார்த்தார்.

வக்கீல்: "அம்மா, உங்களைக் காப்பாத்தத்தான் அவர் அப்படிச் சொல்றார். யோசிச்சுச் சொல்லுங்க."

"யோசிச்சுட்டேன் சார்."

வெளியே பெஞ்சில் உட்காரச் சொன்னார்கள். அடுத்து க. உள்ளே போனாள். கதவு கனம், ஒன்றும் கேட்கவில்லை. வெகு நேரம் கழித்து வந்தாள், மூக்கெல்லாம் சிவந்து.

"என்ன சொன்ன?"

"போன் என்கேஜ்டா இருந்துச்சுன்னு சொல்லிட்டேன்க்கா. மாடில இருக்கறவருக்கு எதுக்கும்மா போன் பண்ணன்னு அந்த வக்கீலே கேட்டாரு."

அவள் கையைப் பிடித்தேன். ஐஸ் மாதிரி.

ஜூன் 16, செவ்வாய்

முடிந்தது. நானாக ராஜினாமா எழுதித் தந்தால் அனுபவ சர்டிபிகேட் உண்டு. இல்லாவிட்டால் நீக்கம். க.வுக்கு எச்சரிக்கை மட்டும். டா. சுந்தருக்கு ஒன்றும் இல்லை.

எழுதித் தந்துவிட்டேன். மேட்ரன் வாங்கிக்கொண்டு, "இனிமே சாயங்காலம் டாக்டர் வெளிய போகக் கூடாதுன்னு சொல்லிட்டாங்க" என்றார், ஏதோ எனக்குப் பரிசு கொடுக்கிற மாதிரி. எத்தனை நாளைக்கோ.

லாக்கரைக் காலி செய்தேன். டம்ளர், சீப்பு, ஒரு பழைய பெனாயில் வாடை.

ஜூன் 18, வியாழன்

நேற்று சாயங்காலம் இடியோடு மழை. மணி நனைந்துகொண்டே வந்தான். இந்தத் தடவை உள்ளே வந்தான்.

"செல்வி முழிச்சிக்கினா சிஸ்டர். கொழந்தயக் கேட்டா."

நாற்காலியை இழுத்துப் போட்டேன், தலை துவட்டத் துண்டும் கொடுத்தேன்.

"அங்க டாக்டரம்மாவ கேட்டேன். ஊசியாலயும் வந்துருக்கலாம், தானாவும் வந்துருக்கலாமாம். ஊசி போடாங்காட்டி இங்க வந்தே சேர்ந்துருக்க மாட்டான்றாங்க. எனக்கு ஒண்ணும் புரியல. ஆனா டாக்டர் உட்டுட்டுப் போனாரே, அது புரிது. போலீஸ்ல எழுதிக் குடுக்கப் போறேன். நீ வந்து சொல்லுவியா?"

டேனியல் இடையில்: "சொன்னா அவ பேரும் வரும், மணி."

"வரும்ணா. அதான் கேக்கறேன். மாட்டேன்னா போயிடறேன்."

வருகிறேன் என்றேன். இன்று காலை டேனியலே காப்பி போட்டு வைத்திருந்தார்.

பிபி பார்க்காதது உட்பட எல்லாவற்றையும் ஸ்டேஷனில் சொல்லப் போகிறேன். எந்தப் புடவை கட்டுவது என்றுகூடத் தெரியவில்லை. இத்தனை வருடமும் வெளியே கிளம்பினால் வெள்ளைதான்.

ஆட்டோ வந்துவிட்டது.