யார் யாருக்கு அனுப்பினாய்?

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே அம்மா சுகம். முட்டிவலிக்குப் புது எண்ணெய் வாங்கிக் கொடுத்தேன். நாற்றம் தாங்கவில்லை என்று என்னைத்தான் திட்டுகிறாள். உன் போன் இரண்டு நாளாக அணைந்தே கிடக்கிறது. அதனால்தான் இதை அத்தான் கையில் கொடுத்து மதிய பஸ்ஸில் ஏற்றிவிடுகிறேன். நீ படித்து முடிக்கிறவரை அவர் வாசலை விட்டு நகர மாட்டார்.

திங்கட்கிழமை எங்கள் ஆஸ்பத்திரியில் ஒருவரைச் சேர்த்தார்கள். கார் ஓட்டச் சொல்லிக்கொடுப்பவர். தூக்கம் வராமல் தவித்து, டார்க் வெப்பில் தூக்க மாத்திரை வாங்கியிருக்கிறார். பேர், ஊர் தெரியாமல் எதையும் விற்கவும் வாங்கவும் இன்டர்நெட்டில் ஒளிவாக அப்படி ஒரு சந்தையே நடக்கிறதாம். வந்தது இரண்டே மாத்திரை. இரண்டையும் விழுங்கிவிட்டார். அதில் என்ன விஷத்தைக் கலந்திருந்தார்களோ, இன்னும் கண் திறக்கவில்லை. மெஷின்தான் மூச்சு விடுகிறது.

அவர் மனைவி மாத்திரை வந்த வெறும் கவரோடு என் மருந்துக் கவுன்ட்டருக்கு ஓடிவந்து, "இதுல என்ன இருந்துச்சுன்னு பாத்துச் சொல்லுங்கம்மா" என்றாள். கவரில் இருந்த தபால் முத்திரை உன் ஊருடையது. டேப்பின் நுனி முக்கோணமாக மடித்திருந்தது. பிரிக்கிறவருக்கு நகம் வலிக்கக் கூடாதென்று பள்ளிக்கூட நாளிலிருந்து நீ மடிப்பாயே, அதே மடிப்பு. "ஆன்லைன் கடைக்கு பேக்கிங் வேலைதான்க்கா, உள்ள என்ன இருக்குன்னெல்லாம் நான் பாக்கிறதில்ல" என்று போன மாதம் நீ சிரித்ததும் நினைவுக்கு வந்தது. அந்த நுனியைக் கிழித்துக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டேன். ஒன்றும் தெரியவில்லை என்று சொல்லிவிட்டேன். அதற்கு அவள் எனக்கு நன்றி வேறு சொன்னாள்.

அப்புறம் எனக்கு வேலையே ஓடவில்லை. நேற்று ஒருவருக்கு மருந்தை மாற்றிக் கொடுத்துவிட்டேன். நல்லவேளை, நர்ஸ் பார்த்துவிட்டாள். இன்று காலை நானே போலீசுக்குப் போய் டேப்பைக் கொடுத்தேன். உன் பெயர், முகவரி எல்லாம் சொன்னேன். இன்ஸ்பெக்டர், "இதே சரக்கு இன்னும் எத்தனை வீட்டுக்குப் போயிருக்கு?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. உனக்குத் தெரியும்.

என்மேல் கோபப்படு, ஜென்மத்துக்கும் பேசாதே, பரவாயில்லை. ஓடிமட்டும் போய்விடாதே. அவர்கள் வருவதற்குள் அத்தானோடு நீயே ஸ்டேஷனுக்குப் போ. சரக்கு யார் கொடுத்தது, யார் யாருக்கு அனுப்பினாய், ஒன்று விடாமல் சொல். இந்த நிமிஷம் எவர் எந்தக் கவரைப் பிரிக்கிறாரோ என்று எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. அதை நீயே வந்து சொல்லடா. பக்கத்தில் நான் இருப்பேன்.

இப்படிக்கு,
உன்னோடு பிறந்தவள்