மேடையில் அப்பா சொல்லாதது

அன்புள்ள அப்பா,

'அன்புள்ள' என்று எழுதிவிட்டேன், அடிக்க மனம் வரவில்லை. ஆனால் இது கோபத்தில் எழுதுவது.

நீங்கள் கண்ணை மூடி ஒரு வருஷம் ஆவதற்குள் பாகிஸ்தானோடு சண்டை வந்துவிட்டது. போன வாரம் உறையூரில் ஒரு வீட்டுக்குத் தந்தி வந்தது. மகன் போய்விட்டான். ஸ்ரீரங்கத்திலிருந்து பஸ் பிடித்துப் போனேன். அவன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்க அப்பா பேச்சைக் கேட்டுத்தாம்மா அனுப்பினேன்" என்றாள்.

சீனச் சண்டையின்போது மலைக்கோட்டைக்குக் கீழே, பட்டாளத்துக்கு ஆள் சேர்க்கும் கூட்டத்தில் பேசினீர்கள். "பர்மாவுல ஜப்பான்காரன் குண்டுக்கு என் சம்சாரத்தைப் பறிகொடுத்தவன் நான். உங்க பிள்ளைங்களை அனுப்புங்க!" கூட்டமே அழுதது. பெண்கள் பக்கம் உட்கார்ந்திருந்த எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

அம்மா குண்டடிபட்டா செத்தாள்? ரங்கூனிலிருந்து நடந்து வந்த வழியில் காய்ச்சலில் விழுந்தாள். எழுந்திருக்க முடியவில்லை. உங்கள் தோளில் இருந்த எனக்கு ஆறு வயது. அவள் தண்ணீர் கேட்டது இன்றும் காதில் இருக்கிறது.

கூட்டம் முடிந்து வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். "அம்மாவை உயிரோடதானே விட்டுட்டு வந்தோம்? ஏம்ப்பா பொய் சொன்னீங்க?"

சட்டையைக் கழற்றிக்கொண்டே சொன்னீர்கள். "ஒருத்தரைத்தான் தூக்க முடிஞ்சுது. உன்னைத் தூக்கினேன். இதைப் போய் மேடையில சொல்லச் சொல்றியா?"

ஆமாம், சொல்லியிருக்க வேண்டும். என்னைத் தூக்கியதற்காக உங்களை நான் ஒருநாளும் குறை சொன்னதில்லை. சண்டை ஒரு மனுஷனை என்ன செய்ய வைக்கும் என்று அந்தக் கூட்டத்தில் உங்களைவிடத் தெரிந்தவர் யார்? அதை மறைத்துவிட்டு ஊரார் பிள்ளைகளைக் கேட்டீர்களே! அதை என்னால் மன்னிக்க முடியவில்லை. அன்றிலிருந்து, சண்டைக்கு ஆள் கேட்கும் எந்தக் கட்சியையும் நான் நம்புவதில்லை.

அம்மாவை வழியில் விட்டு வந்ததை நடந்தது நடந்தபடி கதையாக எழுதி அனுப்பினேன். பத்திரிகை ஆசிரியர் திருப்பிக் கொடுத்துவிட்டார். "இப்ப போய் இதையா எழுதுவீங்க? வீரமா ஒண்ணு குடுங்கம்மா."

கொடுக்க மாட்டேன். வேறு பத்திரிகைக்கு அனுப்புவேன். யாருமே போடாவிட்டால், கேட்கிற நாலு பேருக்கு நானே படித்துக் காட்டுவேன். அதில் நீங்கள் அம்மாவை விட்டுவிட்டு நடப்பீர்கள். என்னைச் சுமந்துகொண்டு அத்தனை மலைகளையும் தாண்டியதையும் ஒரு வரி குறைக்காமல் எழுதியிருக்கிறேன். உங்களுக்கு என்னால் செய்ய முடிந்த நியாயம் அவ்வளவுதான்.

இப்படிக்கு,
நீங்கள் தூக்கி வந்த மகள்,
காமாட்சி