மேகத்தில் வைத்த ரசம்

வியாழன், ராத்திரி.

மதினியை இங்கிலீஷில் வந்த என் ஜப்பான் காமிக்ஸைப் படிக்கச் சொல்லிச் சொல்லி எனக்கே அலுத்துவிட்டது. கப்பலில் சுற்றும் ஒரு சமையல்காரி, இடிமேகத்தை வலைபோட்டுப் பிடித்து சூப் வைக்கிற கதை. "எனக்கு இங்கிலீஷ் ஓடாது தம்பி" என்பார். "படத்தைப் பாருங்க, போதும்" என்று நேற்று கையில் திணித்துவிட்டேன்.

இன்று சாயங்காலம் சிவகாசி பைண்டிங் கம்பெனி வேலை முடிந்து வந்ததும் திருப்பித் தந்தார். புத்தகத்தின் முதுகை வெட்டி, மறுபக்கம் பசைபோட்டு ஒட்டியிருந்தது!

"பைண்டிங்காரன் மாத்திக் கட்டிட்டான் தம்பி. பின்னட்டையிலேர்ந்து கதை ஆரம்பிக்குது. எங்க கம்பெனில இப்படிப் போச்சுன்னா லோடே திரும்பி வந்துரும். அதான் நானே சரியாக் கட்டிட்டேன்."

ஜப்பானில் வலமிருந்து இடமாகத்தான் படிப்பார்கள் என்று நான் முதலிலேயே சொல்லித் தொலைத்திருக்க வேண்டும். உயிராக வைத்திருந்த புத்தகம். கேட்டுவிடலாம் என்று பின்னாலேயே அடுப்படிக்குப் போனேன்.

ரசத்துக்குப் போட்ட கடுகு படபடவென்று வெடித்தது. மதினி கரண்டியோடு ஒரு குதி குதித்துச் சிரித்தார். "மேகம் மாட்டிக்கிருச்சு தம்பி! வலையைப் போடுங்க!"

அண்ணன் ஒன்றும் புரியாமல் எட்டிப் பார்த்தான். கல்யாணமாகி வந்ததிலிருந்து மதினி இந்த வீட்டில் வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்ததில்லை. கேட்க வந்ததைக் கேட்கவில்லை.

சாப்பிட்டு முடித்ததும் சொன்னார்: "ரெண்டாம் பாகம் இருந்தா குடுங்க. அதையும் தப்பாத்தான் கட்டியிருப்பான்."

எடுத்துக் கொடுத்துவிட்டேன்.