புதுத் திரையில் உன் முகம்

என் அன்புப் பாலக்காரிக்கு,

இங்கே மூவரும் நலம். ‘எங்கம்மா பாலக்காரி’ என்று குட்டி வகுப்பில் பெருமையடித்திருக்கிறாள். நீ பால் விற்பதாக டீச்சர் நினைத்துக்கொண்டாராம். ஆற்றின் மேல் பாலம் கட்டுகிற இன்ஜினியர் என்று நான் போய் விளக்கிவிட்டு வந்தேன்.

நீ அனுப்பிய மடிக்கணினி வந்து சேர்ந்தது. பேர்தான் மடிக்கணினி, மடியில் வைத்தால் தொடை மரத்துப்போகிறது. சார்ஜரை அம்மா கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, “இது சார்ஜரா, செங்கல்லாடா? இத வெச்சே உன் பொண்டாட்டி ஒரு தூண் எழுப்பிடுவாளே” என்றாள்.

வேகத்தைக் கேட்காதே. பழைய கணினியில் ஒரு காட்சிக்கு வண்ணம் ஏற்றச் சொல்லிவிட்டு, அது முடிவதற்குள் பாத்திரம் கழுவி, துணி காயப்போட்டு, குட்டிக்குத் தலையும் பின்னிவிடுவேன். இது நான் நாற்காலியை விட்டு எழுவதற்குள் முடித்துவிட்டு, ‘அப்புறம்?’ என்பதுபோல் பார்க்கிறது. “அப்போ பாத்திரத்த யாரு கழுவுறது?” என்று அம்மா கவலைப்படுகிறாள். கனமான வேலை கொடுத்தால் உள்ளே காற்றாடி பெருமூச்சு விடுகிறது. கோபத்தை அடக்கும்போது நீ விடுவாயே, அதே மூச்சு. மூடியில்தான் கைரேகை அப்பிக்கொள்கிறது. இப்போதைக்கு எல்லாம் குட்டியின் ரேகை.

ஆனால் திரை அப்படியொரு திரை! கறுப்பு என்றால் மை போன்ற கறுப்பு. படங்களுக்கு நிறம் திருத்தியே பிழைக்கிற எனக்கு, இத்தனை நாள் அழுக்குக் கண்ணாடி வழியாகவா பார்த்துக்கொண்டிருந்தோம் என்று தோன்றிவிட்டது.

திரையைச் சோதிக்க நன்கு பழகிய முகம் ஒன்று வேண்டும். போன வாரம் தூணருகில் நின்று எடுத்து அனுப்பினாயே, அந்தப் படத்தைத் திறந்தேன். முகம் மஞ்சளாகத் தெரிந்தது. திரையைத்தான் திட்டினேன். நிறம் அளக்கும் கருவியை ஒட்டி அளந்தேன். திரையில் பிழையில்லை. உன் ஹெல்மெட்டின் வெள்ளை வெள்ளையாகவே இருந்தது. பின்னால் சிமென்ட் மூட்டையும் சரியான சாம்பல்தான். படத்தைப் பெரிதாக்கினேன். உன் கண்ணின் வெள்ளைதான் மஞ்சள்.

மஞ்சளைக் குறைப்பது எனக்கு விரல்நுனி வேலை. பழக்கத்தில் கை, நிறம் கூட்டிக் குறைக்கும் குமிழின் மேல் போய்விட்டது. திருகாமல் எடுத்துக்கொண்டேன்.

உன் அறைத்தோழி சர்வேயருக்குப் போன் செய்தேன். முதலில் மழுப்பினாள். பிறகு, “அண்ணா, சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிருக்கா. மஞ்சள் காமாலையாம். டாக்டர் படுக்கச் சொல்லிட்டாரு. கடைசித் தூணுக்குக் கான்கிரீட் போட்டுட்டுப் படுக்கிறேன்னு வெயில்ல நிக்கிறா. சாப்பாடும் இறங்கல” என்று அழுதுவிட்டாள். அவளைக் கோபிக்காதே. உன்மேல் உள்ள பாசத்தில்தான் வாய்விட்டாள்.

முதன்முறையாக முழுப் பொறுப்பையும் உன்னிடம் ஒப்படைத்திருக்கிறார்கள், எனக்குத் தெரியும். பாதியில் விட்டால் என்ன பேசுவார்களோ என்று பயப்படுகிறாய். பேசட்டும். கான்கிரீட்டை வேறு யாராவது நின்று போடட்டும், நீ படுத்துக்கொண்டே போனில் அதட்டு.

நான் அம்மாவிடம் மூச்சுவிடவில்லை. என் முகத்தைப் பார்த்தே ஏதோ என்று கண்டுபிடித்து, விஷயத்தைக் கறந்துவிட்டாள். “அவ அங்க காமாலையோட நிக்கிறா, நீ இங்க பொட்டியப் பார்த்துக்கிட்டு உக்காந்திருக்க. கெளம்புடா. குட்டிய நான் பார்த்துக்கிறேன்” என்று என் பையில் சட்டைகளைத் திணித்துவிட்டாள். குட்டியிடம், அம்மாவைக் கூட்டிவரப் போகிறேன் என்று மட்டும் சொல்லியிருக்கிறேன். வாயிலேயே விசில் அடித்துக்கொண்டு திரிகிறாள்.

இதைப் போனில் சொன்னால் நீ பேச்சை மாற்றிவிடுவாய், அதனால்தான் மின்னஞ்சலாக எழுதி அனுப்புகிறேன். நாளை ரயிலேறுகிறேன். கணினியும் கூட வருகிறது. உன் கட்டிலோரம் உட்கார்ந்தே வேலை பார்த்துக்கொள்வேன். உடம்பு தேறும்வரை அங்கே, தேறியதும் இங்கே. அதற்குப்பிறகு எந்த ஆற்றுக்கு வேண்டுமானாலும் போ, தடுக்கமாட்டேன்.

நான் வந்து கதவைத் தட்டும்போது, ‘எனக்கு ஒண்ணுமில்லயே’ என்று மட்டும் சிரித்துவிடாதே, அம்மா தாயே. எனக்குத் தாங்காது. நான் வரும்வரை கடவுள் உன்னைப் பார்த்துக்கொள்ளட்டும். வந்தபிறகு அவர் ஓய்வெடுக்கட்டும், நான் பார்த்துக்கொள்கிறேன்.

வழியெல்லாம் உன்னையே நினைத்துக்கொண்டு வரப்போகும்,
உன் வீட்டுக்காரன்