செஞ்சிறகனுக்கு வைத்த கருமாதி

பதுளை,
11.07.1980, வெள்ளிக்கிழமை.

என் அருமை மச்சான் முருகையாவுக்கு,

புத்தகக் கடை அலவி எழுதிக்கொள்வது. அல்லாஹ்வின் கிருபையால் நானும் மர்லியாவும் பிள்ளைகளும் சுகம். நீயும் சுகமா என்று எல்லோரையும் போலக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. நீ உயிரோடு இருக்கிறாயா என்று முதலில் கேட்க வேண்டியிருக்கிறது. ஐந்து வருடமாக இங்கே எல்லோரும் நீ செத்துப்போனாய் என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

உன் வீட்டு விலாசம் எனக்குத் தெரியாது. அதனால் கோத்தகிரி, மலைமகள் வாடகை நூல் நிலையம் என்று உறையில் எழுதப் போகிறேன். நூல் நிலையத்து ஐயா, இதைப் பிரித்தது நீங்கள் என்றால் குற்றமில்லை, படியுங்கள். உங்களிடம் சித்திரக்கதைப் புத்தகம் எடுத்துக்கொண்டு போய், பக்கமெல்லாம் பென்சிலால் கோடும் வட்டமும் போட்டுத் திருப்பித் தருகிற ஆள் ஒருவர் இருப்பார். உங்களிடம் ஏச்சும் வாங்கியிருப்பார். இது அவருக்கு வந்த கடிதம். உங்களுக்குப் புண்ணியமாகப் போகும், அவர் கையில் சேர்த்துவிடுங்கள்.

மச்சான், விஷயத்துக்கு வருகிறேன். போன செவ்வாய்க்கிழமை கொழும்பிலிருந்து பழைய புத்தகக் கட்டு ஒன்று கடைக்கு வந்தது. இந்தியாவில் படித்துக் கழித்துவிட்ட புத்தகங்கள். கட்டை அவிழ்த்தால் மேலே இருந்த சித்திரக்கதைப் புத்தக அட்டையிலேயே நம்ம செஞ்சிறகன்! இரண்டு சிறகையும் விரித்துக்கொண்டு அருவியைக் கிழித்து மேலே வருகிறான். நான் நின்ற இடத்திலேயே யா அல்லாஹ் என்று கத்திவிட்டேன். பக்கத்துக் கடையில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்த பஸ் கண்டக்டர் யாருக்கு என்ன ஆச்சு என்று ஓடி வந்தான். செத்தவன் எழும்பி வந்துட்டான்யா என்றேன். அவன் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுப் போனான்.

எத்தனை தடவை செத்தான் அந்தப் பாவி! முதல் தடவை எரிமலைக்குள் விழுந்தான். இரண்டு மாதத்தில் சாம்பலை உதறிக்கொண்டு வந்து நின்றான். அடுத்த தடவை இரும்புப் பெட்டியில் போட்டுக் கடலில் இறக்கினார்கள். அதிலிருந்தும் வந்தான். ஒவ்வொரு தடவையும் நீ வருவான் என்பாய், நான் வரமாட்டான் என்பேன். புத்தகம் விற்கிறவன் எனக்குத் தெரியாதா, ஆளைக் கொன்றால் இந்த மாதம் விற்கும், எழுப்பிவிட்டால் அடுத்த மாதம் விற்கும் என்று உன்னிடம் சொல்வேன். நீ கோபித்துக்கொண்டு பிளேன்டீயை அப்படியே வைத்துவிட்டு லுணுகலை பஸ்ஸில் ஏறிவிடுவாய். அடுத்த மாதம் சம்பளத்துக்கு மறுநாள் சரியாக வந்து நிற்பாய்.

அந்த ஞாயிற்றுக்கிழமைகளை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. உங்கள் தேயிலைத் தோட்டத்தில் பிள்ளை பார்க்கிற காம்பரா அறைக்கு முன்னால் லயத்து வரிசை வீட்டுச் சனமெல்லாம் கூடியிருக்கும். நீ கல்லின்மேல் ஏறி நின்று புத்தகத்தைப் படிப்பாய், படத்தை எல்லோருக்கும் தூக்கிக் காட்டுவாய். கொழுந்து எடுத்துக் களைத்த பெண்கள் விரலில் கொழுந்துக் கறை போகாமலே உட்கார்ந்து வாயைப் பிளந்து கேட்பார்கள். வாசிப்பதற்கு முதல் நாளே பென்சில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாயே. கோடு போட்டால் மூச்சு எடுக்க வேண்டிய இடம். வட்டம் போட்டால் நிறுத்தி, தலையைத் தூக்கி, எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்க்க வேண்டிய இடம். நீ வட்டத்தில் நிறுத்தினதும் உன் அம்மா பெரியாயி மட்டும்தான், "அப்பறம்?" என்று கேட்பாள். வேறு யாராவது கேட்டால் சண்டைக்குப் போவாள். அது அவளுடைய உரிமை.

மூன்றாவது தடவை செத்தபோதுதான் எல்லாம் கெட்டது. எழுபத்திரண்டாம் வருடம். சிறகில் குண்டு பட்டு அருவியில் விழுந்தான். கடைசிப் பக்கத்தில் நுரைமேல் ஒரு சிவப்புச் சிறகு மட்டும் மிதந்தது. கீழே தொடரும் என்று போடவில்லை, முற்றும் என்று போட்டிருந்தார்கள். இனி வரவே மாட்டான், வந்தால் என் மீசையை எடுத்துவிடுகிறேன் என்று கடையில் நாலு பேருக்கு முன்னால் சொன்னேன். அடுத்த மாதம் பார்க்கலாம் என்றாய் நீ. அடுத்த மாதம் புத்தகமே வரவில்லை. இந்தியப் புத்தகங்களைக் கொண்டுவர அரசாங்கம் தடை போட்டுவிட்டது. எங்கள் ஊருக்குச் செஞ்சிறகன் செத்தவன் செத்தவன்தான்.

லயத்துச் சனம் அவனுக்குப் பதினாறாம் நாள் கருமாதியே வைத்துவிட்டது! அந்தக் கடைசிப் பக்கத்தைப் பலகையில் சாத்தி, தேங்காய் உடைத்து, ஒரு கோப்பைத் தேத்தண்ணியும் வைத்துக் கும்பிட்டார்கள். கங்காணி வந்து, பேப்பர்ல இருந்த ஆளுக்குக் கருமாதி வெக்கிற கிறுக்கு இந்தத் தோட்டத்திலதான் இருக்கு என்று கத்தினார். கத்திவிட்டு அவரும் வடை தின்றார். நானும் பசறை வழியாக பஸ் பிடித்து வந்து ஐந்து வடை தின்றேன். நீ ஒன்றையும் தொடவில்லை. உன் அம்மாவும் தொடவில்லை. ஒடம்பக் கண்ணால பாக்காம கருமாதி வெக்கக் கூடாது என்று ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டாள்.

அடுத்த வருடம், தோட்டத்துச் சனத்தை இந்தியாவுக்கு அனுப்புகிற ஒப்பந்தத்தில் உன் மாமனார் வீட்டுக்குப் போக முறை வந்தது. உன் பெண்டாட்டி பாக்கியலெட்சுமியோடு நீயும் போனாய். அம்மாவின் பெயர் வேறு பைலில் கிடந்ததால் அவளுக்கு வரவில்லை. அவளுக்கும் ஆறு மாதத்தில் வந்துவிடும், அங்கே கூப்பிட்டுக்கொள்கிறேன் என்று ரயில் ஜன்னலில் நின்று அவள் கையைப் பிடித்துச் சொன்னாய். பக்கத்தில் நான் நின்றேன். முதல் வருடம் நீங்கள் போய் இறங்கின முகாமிலிருந்து மூன்று கடிதம் வந்தது. பிறகு ஒன்றும் இல்லை. நீ எழுதினாயோ, எழுதாமலே விட்டாயோ. தோட்டம் கைமாறியது, அம்மாவை மேல் டிவிசனுக்கு மாற்றினார்கள், என் கடையும் பஜாரிலிருந்து பஸ் நிலையத்துக்கு மாறியது. எழுதியிருந்தாலும் எங்கே போய்ச் சேர்ந்திருக்கும் என்று இப்போதுதான் யோசிக்கிறேன்.

இனி எழுதப் போவதை எழுதத்தான் இந்த நாலு நாளும் கை வரவில்லை. எழுபத்தைந்தில் கொஸ்லந்தைப் பக்கத்து ஆள் ஒருவன் கடைக்கு வந்தான். லுணுகலைப் பக்கத்திலிருந்து போன முருகையா நீலகிரியில் லொறி கவிழ்ந்து செத்துப்போனான் என்று அங்கே இருக்கிற தன் மச்சான் கடிதம் போட்டிருப்பதாகச் சொன்னான். எந்த முருகையா, யார் மகன், பெண்டாட்டி பெயர் என்ன என்று ஒரு வார்த்தை கேட்டேனா? கேட்கவில்லை. லுணுகலையில் கல்லை எறிந்தால் ஒரு முருகையாமேல்தான் விழும் என்பதும் அன்றைக்கு நினைவு வரவில்லை. அழுதுகொண்டே பஸ் ஏறி, நேரே போய் உன் அம்மாவிடம் சொல்லிவிட்டேன்.

அவள் என் முகத்தையே பார்த்தாள். தம்பி சொன்னா சரியாத்தான் இருக்கும் என்றாள். காகிதத்து ஆளுக்கே உடம்பைப் பார்க்காமல் செய்யக் கூடாது என்றவள், என் வாயை நம்பி உனக்குக் கருமாதி செய்தாள், மச்சான். அதற்கும் நான் போனேன். அந்த வடையையும் தின்றேன்.

இப்போது கேள். அந்தப் புத்தகத்தைப் புரட்டினேன். இரண்டாம் பக்கத்தில் ஒரு கோடு. மூன்றாம் பக்கத்தில் வட்டம். அழுத்தி எழுதுவது உன் கைப்பழக்கம், பின்பக்கம் தடித்திருக்கும். தடவிப் பார்த்தேன், தடித்திருந்தது. இது பழைய கதையை எழுபத்தொன்பதில் மறுபடி அச்சடித்த புத்தகம். செத்தவன் எழுபத்தொன்பதில் எப்படிப் பென்சில் பிடிப்பான்? அட்டைக்குள் நூல் நிலையத்து முத்திரை இருந்தது. அதுதான் மேலே எழுதின விலாசம். வீட்டுக்குப் போய் மீசையை எடுத்தேன். மர்லியா என்னைப் பார்த்து அரை மணி நேரம் சிரித்தாள். ஏன் எடுத்தேன் என்று சொன்னதும் அழுதாள்.

அம்மாவுக்கு இந்திய பாஸ்போட் வந்துவிட்டது. அவளுடைய லயத்தில் பாதிப் பேர் போகிறார்கள், அவளும் பெயர் கொடுத்துவிட்டாள். அங்கே யார் இருக்கிறார்கள் என்று கேட்டேன். எம்புள்ள செத்த மண்ணப் பாத்துட்டு நானும் போறேன் தம்பி என்கிறாள். நீலகிரி என்று அன்றைக்கு நான் சொன்னது அவளுக்கு மறந்துவிட்டது, எந்த ஊர் என்று தெரியாது. பயண விண்ணப்பப் பாரத்தில் யாரோ திருச்சி என்று எழுதிவிட்டிருக்கிறார்கள். மச்சான், நீ மலைமேல் கோத்தகிரியில் இருக்க, அவள் திருச்சியில் இறங்கி யாரைத் தேடுவாள்?

புத்தக விஷயத்தை அவளிடம் நான் இன்னும் சொல்லவில்லை. ஒரு தடவை அரைகுறைச் செய்தியைக் கொண்டுபோய்க் கொடுத்தவன் நான். இனி உன் கையெழுத்தில் ஒரு வரி வந்தால்தான் வாயைத் திறப்பேன். உடனே எழுது.

14.07.1980, திங்கட்கிழமை.

மச்சான், வெள்ளிக்கிழமை கடிதத்தை ஒட்டாமல் வைத்தது நல்லதாய்ப் போயிற்று. நேற்று நடந்ததைக் கேள்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை. பயணத்துக்கு ஒரு சீலையும் கொஞ்சம் பேரீச்சம்பழமும் கொடுக்கலாம் என்று அம்மாவைப் பார்க்கப் போனேன். புத்தகத்தைக் கடையில் வைக்க மனமில்லாமல் பைக்குள் வைத்திருந்தேன். பேரீச்சம்பழத்தை எடுக்கும்போது அது வெளியே வந்துவிட்டது. அம்மா அட்டையைப் பார்த்தாள். இந்த ரெக்கைக்காரன் இன்னமும் இருக்கானா, அருவியில விழுந்துதான் செத்தானே என்று கேட்டாள். வந்துட்டானம்மா என்றேன். எப்பிடி வந்தான், படிங்க தம்பி என்றாள்.

மாட்டேன் என்று எப்படிச் சொல்வது? காம்பரா வாசலில் உட்கார்ந்து படிக்கத் தொடங்கினேன். உன் கோட்டையும் வட்டத்தையும் பார்க்காமல் ஒரே ஓட்டமாக ஓடிவிடலாம் என்றுதான் இருந்தேன். என்னால் முடியவில்லை. அருவிக்குப் பின்னால் ஒரு குகை இருந்தது, மறு சிறகு முளைக்கும்வரை அதற்குள் ஒற்றைச் சிறகோடு அவன் ஏழு மாதம் யாரிடமும் பேசாமல் கிடந்தான் என்று வருகிற இடத்தில் பெரிய வட்டம் போட்டிருக்கிறாய். வாய் தானாக நின்றுவிட்டது. தலையைத் தூக்கினேன்.

அம்மா, "அப்பறம்?" என்றாள்.

கேட்டுவிட்டு அவளே திடுக்கிட்டுப் போனாள். நான் குனிந்து மேலே படித்தேன். அடுத்த வட்டம் வந்தது, நின்றேன். அப்பறம் என்று மறுபடியும் கேட்டாள், இந்தத் தடவை மெதுவாக. மூன்றாவது வட்டத்தில் அவள் கேட்கவில்லை. என் கையிலிருந்து புத்தகத்தை வாங்கினாள். எழுத்துத் தெரியாதவள், அந்தத் தாளின் பின்பக்கத்தை விரலால் தடவினாள். இது நீங்க நிறுத்துற எடம் இல்ல தம்பி, எம்புள்ள நிறுத்துற எடம் என்றாள்.

நான் அவள் காலைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். ஏசுவாள் என்று காத்திருந்தேன். ஏசவில்லை. அஞ்சு வருசமா அவனுக்கு வெளக்கு வெச்சனே என்று மட்டும் சொல்லிச் சொல்லி அழுதாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, அங்கயும் அவன் கோடு போட்டுப் படிக்கிறான்னா கேக்கறதுக்குச் சனம் இருக்குன்னு அர்த்தம், அப்ப அவன் நல்லாத்தான் இருக்கான் என்றாள். எனக்குத் தோன்றாதது அவளுக்குத் தோன்றியது பார்.

மிச்சம் நாலு பக்கம் இருந்தது. படிக்கட்டுமா என்று கேட்டேன். வேணாம், மிச்சத்த அவன் படிக்கட்டும் என்று சொல்லி, புத்தகத்தைச் சீலைத் துணியில் சுற்றி பாஸ்போட்டோடு சேர்த்துப் பெட்டியில் வைத்துவிட்டாள்.

ஆகஸ்ட் இருபத்தோராம் திகதி வியாழக்கிழமை அவள் பதுளையில் ரயில் ஏறுகிறாள். நானும் தலைமன்னார் வரைக்கும் கூடப் போகிறேன். மறுநாள் வெள்ளிக்கிழமை கப்பல், சாயங்காலம் ராமேஸ்வரம். தலை முழுக்க நரைத்துவிட்டது, ஆளும் பாதியாகிவிட்டாள். உனக்கு அடையாளம் தெரியாமல் போகலாம். அதற்காகப் புத்தகத்தை நெஞ்சோடு வைத்து, அட்டை வெளியே தெரியப் பிடித்துக்கொண்டு இறங்கச் சொல்லியிருக்கிறேன்.

நீ ஏன் எழுதவில்லை என்று நான் கேட்க மாட்டேன். கூப்பிட்டுக்கொள்கிறேன் என்று சொன்னது முடியாமல் போன வெட்கம் என்றால், அது குகைக்குள் கிடந்தவனுக்கும் இருந்திருக்கும். இந்தக் கடிதத்துக்குப் பதில்கூட வேண்டாம். அந்த வெள்ளிக்கிழமை கப்பலடியில் வந்து நில், அது போதும். அழ மாட்டேன் என்று என்னிடம் சொல்லியிருக்கிறாள், நான் நம்பவில்லை. ஆனால் உன்னைக் கண்டதும் முதலில் என்ன கேட்பாள் என்று எனக்குத் தெரியும். அப்பறம் என்றுதான் கேட்பாள். பதில் சொல்ல நீ அங்கே இருக்க வேண்டும், மச்சான்.

அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளைக் கொடுப்பானாக.

உன் கருமாதி வடையைத் தின்ற பாவி,
மீசை இல்லாத அலவி.